வலப்பக்க ஸ்டியரிங்கும் என்ரை பேத்தியும்

இத்தாலியில், பலெர்மோவில் பழைய கார்ப் பந்தயப் போட்டோக் கண்காட்சி வைத்திருக்கினமாம், போய்ப் பார்க்கலாமோ என்று கேட்கிற ஆக்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போனது போன சனிக்கிழமை. உண்மையில் படம் பார்க்கப் போகவில்லை. அங்கை படிக்கிற என்ரை பேத்தி மெலனி, அன்றைக்குத்தான் முதன்முதல் ஆக்களுக்கு விளக்கம் சொல்லுறாள். நல்லாய்ச் சொன்னால் வேலை, இல்லாவிட்டால் இல்லை என்று கண்காட்சிக்குப் பொறுப்பாயிருக்கிற சிஞ்ஞோரா, அதுதான் அந்த அம்மா, சொல்லிப்போட்டா.

கத்தானியாவிலிருந்து காலை ஆறரை பஸ். பதினான்கு யூரோ, இருநூறு கிலோமீற்றர், இரண்டே முக்கால் மணித்தியாலம். ஸ்டேசனடியில் இறங்கி, கண்காட்சி நடக்கிற கால்சாப் பகுதிக்கு நடை. பதினைந்து நிமிடம் என்பார்கள். என்ரை முழங்காலுக்கு இருபத்தைந்து. முதலே பல்லரோச் சந்தைக்குள் போகாதேங்கோ, கத்தரிக்காயைக் கண்டால் நேரம் போயிடும். நுழைவு ஐந்து யூரோ. மெலனியின் அம்மம்மா என்று சொல்லியும் காசை எடுத்தார்கள்.

சுவரளவு கறுப்பு வெள்ளைப் படம். கூரையில்லாத காரில் இரண்டு பேர், கண்ணுக்குக் கண்ணாடி, முகமெல்லாம் மலைரோட்டுப் புழுதி. இப்பதான் வந்து நின்ற கார்போலை, எஞ்சின் சூடு எனக்கு அடிக்குமாப் போலை இருந்தது.

மெலனி வடிவாய்த்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். இடையில் ஒரு மீசைக்காரர் மறித்தார். இத்தாலியில் ஸ்டியரிங் இடப்பக்கம், இதிலை வலப்பக்கம் இருக்குது, படத்தை இடம்வலம் மாறி அச்சடித்திருக்கிறீர்கள் என்றார். சிஞ்ஞோரா பார்த்துக்கொண்டு நிற்கிறா.

பிறகு மெலனி படத்துக்குக் கிட்டப்போய், காரின் முன்னால் எழுதின இலக்கத்தைத் தொட்டுக்காட்டினாள். படம் மாறியிருந்தால் இந்த இலக்கமும் மாறித்தானே இருக்கும் என்றாள். அந்தக் காலத்துப் பந்தயக் கார்களுக்கு ஸ்டியரிங் வலப்பக்கந்தானாம். “எங்கடை அம்மம்மான்ரை ஊரிலை இப்பவும் அப்பிடித்தான்,” என்று என்னைக் கைகாட்டினாள். எல்லாரும் திரும்பினார்கள்.

மீசைக்காரர் நான் கார் ஓட்டினேனோ என்று கேட்க, மெலனி அதை எனக்குத் தமிழில் சொன்னாள். நான் சொன்னேன்:

“கார் ஓட்டினது எங்கடை இவர். இடப்பக்கம் இருந்து அவரை ஓட்டினது நான் எண்டு சொல்லு, பிள்ளை.”

அதையும் இத்தாலியனில் அப்படியே சொல்லிவிட்டாள். எல்லாரையும்விட மீசைக்காரர்தான் கூடச் சிரித்தவர். சிஞ்ஞோரா மெலனியின் தோளில் தட்டி, “வாற சனி பத்து மணிக்கு வா,” என்றா. அவ்வளவு இத்தாலியன் எனக்கும் விளங்கும்.

போறவர்களுக்கு: முப்பத்தாறு படி, லிப்ட் இல்லை. தண்ணீர் கொண்டுபோங்கோ. திங்களில் பூட்டு. மற்ற நாளெல்லாம் திறந்திருக்கும்தான், எண்டாலும் சனிக்கிழமையே போங்கோ. சனியில் விளக்கம் சொல்லுறது என்ரை பேத்தி.