அட்டை செருக இடமில்லாத ஊர்

நான்கு வருடங்களுக்கு முன், நெய்வேலியில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில் நடந்தது இது. பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவள் என்பதால், கண்காட்சிக்குச் சுரங்க மாதிரி செய்யும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள்.

பெரிய பலகையின்மேல் மேல்மண், செம்மண், களிமண், மணல், அடியில் பழுப்பு நிலக்கரி என்று வரிசையாகக் காட்டினோம். நடுவில் பள்ளம், பக்கத்தில், வெட்டிய மண்ணைக் கொட்டிய மேடு. பிள்ளைகள் தங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று அட்டையில் எழுதிச் சுற்றிலும் செருக வேண்டும். திருநெல்வேலி, சேலம், மதுரை என்று ஓரமெல்லாம் நிறைந்துவிட்டது. ஒருத்தி மட்டும் வெற்று அட்டையோடு நின்றாள்.

"நாங்க எங்கேருந்தும் வரலீங்க டீச்சர். இங்கியேதான் இருந்தோம்."

"இங்க ஏதுடி ஊரு? பள்ளத்துக்குள்ளயா வீடு கட்டியிருந்தீங்க?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். வகுப்பே சிரித்தது.

"ஆமா, சுரங்கம் வெட்டறதுக்கு முன்ன இங்கதான் எங்க வூடு. இந்தாண்ட எங்கம்மாவப் பொதச்சது" என்று பள்ளத்தின் நடுவே விரலை நீட்டினாள். விரல் வெறும் காற்றில் நின்றது. அட்டையைச் செருக அங்கே மண் இல்லை.

"அந்த மண்ண எங்க டீச்சர் கொட்டுனாங்க?"

எனக்குத் தெரியும். மேல்மண்ணைத்தான் முதலில் வெட்டுவார்கள், முதலில் கொட்டுவார்கள். மற்றதெல்லாம் அதன்மேல் விழும். மேட்டின் அடியைக் காட்டினேன்.

"அவ்ளோ பாரமா மேல?" என்றாள்.

ஊர்ப் பெயரையும் அம்மாவின் பெயரையும் எழுதி அங்கே செருகினாள்.

கண்காட்சியன்று காலை தலைமையாசிரியர் அதைப் பார்த்துவிட்டார். "பெரியவங்க வர்ற நேரத்துல சாவு சமாச்சாரம் எதுக்கும்மா?" என்றார். மற்ற ஊர்களெல்லாம் இருக்கலாம், இது மட்டும் கூடாதா என்று கேட்டேன். கோபப்படாமல், அட்டையை உருவி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பார்த்துக்கொண்டிருந்தவள் கிட்டே வந்தாள். "குடுங்க டீச்சர், நானே வச்சிக்கினு போறேன்."

வந்தவர்கள் மேட்டின் சரிவு அச்சு அசலாக இருப்பதாகப் பாராட்டினார்கள்.

சில வாரங்களில் அவள் அப்பாவின் காண்ட்ராக்ட் வேலை முடிந்தது. கரும்பு வெட்ட நெல்லிக்குப்பம் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள்.

இப்போதெல்லாம் சுரங்கப் பாடத்தைத் தொடங்குமுன், இங்கே முன்பே இருந்தவர்கள் யார் என்று கேட்கிறேன்; ஒரு கையும் உயராதபோது அந்த ஊரின் பெயரை நானே கரும்பலகையில் எழுதுகிறேன், அவள் எழுந்து சொல்வதற்கு அது ஈடாகாது என்று தெரிந்தும்.