முருங்கையிலை ஆய்ந்தபடி அக்கா நடத்திய கூட்டங்கள்

அக்கா யாழ்ப்பாணத்துக் கோப்பாயில், வெங்காயத் தோட்டம் செய்த குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் கடைக்குட்டி. அம்மா காலமானபோது அக்கா எட்டாம் வகுப்பில் இருந்தார். அதற்குப் பிறகு அவர் பள்ளிக்கூடம் போகவில்லை. எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டு என்னை அனுப்பினார். நான்தான் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அதில் அக்காவுக்குக் கடைசிவரை மனக்குறை. இந்த நினைவு மலரில் நான் எழுதுவதைப் பார்த்திருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பார்.

போர்க்கால இடப்பெயர்வில் அத்தானை இழந்து, பிள்ளைகளோடும் என்னோடும் ஊர் திரும்பிய அக்கா, ஒரு பசுவை வாங்கிக் கட்டினார். அந்தப் பாலில்தான் பிள்ளைகள் படித்து ஆளானார்கள். விடியற்காலையில் குறுகலான எங்கள் ஒழுங்கைக்குள், வைரவர் கோயிலடியில் பால் சங்கத்து லொறி வந்து நிற்கும். வாளியோடு நிற்பவர்கள் எல்லாரும் பெண்கள். சங்கத்து அங்கத்தவர்களோ அநேகமாக அவர்களுடைய கணவன்மார்.

ஒருமுறை சங்கம், லொறி இனி ஒழுங்கைக்குள் வராது, பாலைப் பெரிய வீதிச் சந்திக்குக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தும் நேரத்தில் எந்தத் தாய் அவ்வளவு தூரம் நடப்பாள்? மாட்டை விற்பதைத் தவிர வழியில்லை என்று சிலர் அழுதார்கள். அக்கா எல்லாரையும் சங்கத்துப் பொதுக்கூட்டத்துக்குக் கூட்டிப்போனார்.

"பொம்பிளையள் என்ன சொல்லுறியள்?" என்று தலைவர் ஐயா கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அக்கா எழுந்தார். இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, பாதியில் திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டார். அவ்வளவுதான், கூட்டம் முடிந்தது.

திரும்பும் வழியில்தான் எல்லாருக்கும் வாய் வந்தது. "உந்த மனுசன் ஒருநாள் விடிய எழும்பி மாடு கறந்து பாத்தால் தெரியும்!" என்று பக்கத்து வளவு மலர் கத்தினார்.

"உதை அங்கை சொல்லியிருக்கலாமே?" என்றார் அக்கா.

"எப்பிடியக்கா? கதிரையிலை இருந்தவுடனை கையை எங்கை வைக்கிறதெண்டே எனக்குத் தெரியேல்லை."

எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. அன்று சாப்பிடும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் தலைவர் ஐயா வீட்டுப் படலையைத் தட்டினார்.

"ஐயா, இன்னொரு கூட்டம் வேண்டாம். விடிய ஒருக்கா வைரவர் கோயிலடிக்கு வாங்கோ. பால் ஊத்தேக்கை எங்கடை ஆக்கள் கதைப்பினம்."

அவரும் சால்வை போட்டுக்கொண்டு வந்தார். கையில் வேலை இருந்ததால் யாருக்கும் பயம் வரவில்லை. கடைசி வீட்டு வசந்தி பால் ஊற்றியபடி, இன்னொருவர் வாளி கழுவியபடி, எல்லாரும் ஒன்றாகக் கதைத்தார்கள்.

"ஐயா, நான் சந்திக்கு நடக்கிறன். நீங்கள் வந்து என்ரை சின்னவனைக் குளிக்கவாத்து விடுறியளோ?" என்று கேட்டார் மலர்.

"ஓம் பிள்ளை, ஓம். லொறி இஞ்சையே வரும்" என்றுவிட்டு ஐயா சைக்கிளில் ஏறினார். அதன்பிறகும் லொறி தவறாமல் ஒழுங்கைக்குள் வந்தது.

பிறகு பெண்கள் தங்கள் பெயரிலேயே அங்கத்தவரானார்கள். சில வருடங்களில் அக்காவைத் தலைவராக்கினார்கள். அக்காவின் கூட்டத்துக்கு வெறுங்கையோடு யாரும் வரக்கூடாது. பாயில் வட்டமாக இருந்து முருங்கையிலை ஆயலாம், வெங்காயம் உரிக்கலாம், பூக் கட்டலாம். முதன்முதல் வந்த கூட்டுறவு உத்தியோகத்தருக்கு அது பிடிக்கவில்லை.

"இதென்னம்மா, கூட்டமோ சமையலோ?"

"ரெண்டுந்தான் தம்பி. இந்தாங்கோ, நீங்களும் ஒரு பிடி ஆயுங்கோ."

அவர் கூச்சத்தோடு ஆய்ந்தார். காம்போடு ஆய்ந்தார் என்பது வேறு கதை.

பேசாமல் இருப்பவரிடம் அக்கா சங்கத்து விசயம் கேட்க மாட்டார். "உன்ரை கண்டு பால் குடிக்குதோ?" என்றுதான் தொடங்குவார். கன்றிலிருந்து கதை தீவனத்துக்குப் போகும், அங்கிருந்து அந்த ஆள் மனத்தில் கிடந்ததெல்லாம் வெளியில் வரும். தன் கருத்தை எல்லாருக்கும் கடைசியாகத்தான் சொல்லுவார். வீட்டுக்கு யாரும் வந்தால் குசினி அடுப்படியில் ஒளிக்கும் என்னையும் அப்படித்தான் கதைக்கப் பழக்கினார்.

நோயில் படுக்கையில் விழுந்தபின் அக்காவுக்கு ஒரே பயம். "நான் போனபிறகு எங்கடை ஆக்கள் திரும்பவும் குனிஞ்சுகொண்டு இருந்திடுவினமோ, தங்கச்சி?" என்று அடிக்கடி கேட்பார். நான் முதுகைத் தடவிவிடுவேன்.

புதுத் தலைவரைத் தெரிவுசெய்யும் கூட்டம் வந்தது. அக்காவின் மகளை அவரோடு விட்டுவிட்டு நான் போனேன். திரும்பி வந்து செருப்பைக் கழற்ற முன்னம் அக்கா கேட்டார்:

"ஆர் கதைச்சது?"

"எல்லாருந்தான். ஆனால் ஒண்டும் முடியேல்லை அக்கா. மலரும் வசந்தியும் ஆளுக்காள் தனக்குத்தான் தலைவர் பதவி வேணுமெண்டு சண்டை. சத்தம் றோட்டுக்கும் கேட்டிருக்கும்."

"சண்டையோ?"

"ஓம். விலக்குப் பிடிக்கப் போன எனக்கும் பேச்சு விழுந்தது."

அக்கா சிரித்தார். இருமல் வந்தது, அதற்குள்ளும் சிரித்தார். "விடு, சண்டை பிடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பல நாள்களுக்குப் பிறகு அயர்ந்து தூங்கினார். அதன்பிறகு அந்தக் கேள்வியை என்னிடம் அவர் கேட்கவில்லை. சில நாள்களில் எங்களை விட்டுப் பிரிந்தார்.

அக்காவைப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், தூர இடங்களிலிருந்து வந்து தோள் கொடுத்த உறவினருக்கும், துக்க நாள்களில் எங்கள் மாடுகளைக் கறந்து பாலை ஊற்றிவிட்ட ஒழுங்கைப் பெண்களுக்கும் நன்றி. மலர் இப்போது தலைவர். வசந்திக்கு இன்னும் கோபம். இருவருக்கும் நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அக்காவின் பயத்தைத் தீர்த்தது அவர்கள் பிடித்த சண்டைதான்.