சர்வர் டில்லியுது, டேட்டாபேஸ் என்னுது

எங்கள் தொழிலில் சர்வர்காரன் வீட்டு ஓனர், டேட்டாபேஸ்காரன் குடித்தனக்காரன். தண்ணீர் நின்றால் மோட்டாரை யார் போடுவது என்பதிலேயே பாதி ஆயுசு போய்விடும். மாட்டிக்கொண்டவர்களுக்குப் புரியும்.

திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டேட்டாபேஸ் பார்க்கிறேன். சர்வர் டில்லிபாபு பொறுப்பு. ராயபுரத்துக்காரன், பக்கத்து மேஜை.

குப்பை என்று நினைத்தான்

ஒருநாள் டிஸ்க் நிரம்பிவிட்டது. இடம் பண்ணுகிறேன் பேர்வழி என்று டில்லி என் ஃபோல்டரில் கிடந்த பழைய ஃபைல்களை அழித்துவிட்டான். டேட்டாபேஸ் படுத்துக்கொண்டால் எழுப்ப அவைதான் வேண்டும். அய்யோ, எனக்கு வந்த கோபம்! "என் ஃபைல்ல கை வைக்க நீ யாரு?" என்று ஆபீஸே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அன்றே மேனேஜர் கோடு கிழித்தார். சர்வரின் மாஸ்டர் பாஸ்வேர்டு டில்லிக்கு மட்டும். என் ஃபைல்களை நான் மட்டும் தொடலாம். டில்லி பதிலுக்குக் கத்தவில்லை. "கலீஜா கெடந்துச்சி, பெருக்கிட்டேன். உன்னுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா தொட்டிருப்பனா மாமு?"

காதைப் பொத்திக்கொண்டேன்

டில்லியின் மனைவி மேரிக்குப் பிரசவ நேரம் நெருங்கியது. லீவில் போகுமுன் பாஸ்வேர்டை என்னிடம் சொல்ல வந்தான். காதைப் பொத்திக்கொண்டேன். திமிர் இல்லை, பயம். ரெண்டு சாவியும் ஒருத்தனிடம் இருந்தால், நாளைக்கு எது காணாமல் போனாலும் அவனைத்தானே பிடிப்பார்கள்? மேனேஜரிடம் கேட்டோம். "பார்க்கலாம்" என்றார். ஆபீஸில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். டில்லி தலையில் அடித்துக்கொண்டான். "நான் இல்லாதப்போ பேஜாராச்சின்னா இன்னா பண்ணுவ நைனா?"

இறால் லோடு

பேஜாராகத்தான் ஆச்சு. மேரியை லேபர் வார்டுக்குள் கொண்டுபோன அதே காலையில் டிஸ்க் மறுபடி நிரம்பியது. இந்தத் தடவை நிரப்பியவை சர்வர் டைரி மாதிரி தானே எழுதித் தள்ளும் லாக் ஃபைல்கள், டில்லியின் சொத்து. கண்ணுக்குத் தெரிகிறது, தொட முடியவில்லை. டேட்டாபேஸ் நின்றது, கேட் பாஸ் அச்சாகவில்லை, டிரெய்லர்கள் ரோடு வரைக்கும் நின்றன. முதல் வண்டி காசி அண்ணனுடையது, ஃப்ரீஸர் கன்டெய்னர் நிறைய இறால். மதியத்துக்குள் காட்டுப்பள்ளி துறைமுகம் போய்ச் சேராவிட்டால் கப்பல் போய்விடும், சரக்குக்காரர் இனிமேல் அவருக்கு லோடு தரமாட்டார். மனிதர் நேராக என் மேஜைக்கே வந்து நின்றுவிட்டார்.

டில்லி போனை எடுக்கவில்லை. எப்படி எடுப்பான்? கூப்பிடவே வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான். பின்னால் ஒரு நர்ஸ் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். மேனேஜர் பக்கத்தில் நின்று தலையாட்ட, டில்லி சொல்லச் சொல்ல பாஸ்வேர்டை அடித்தேன். அழிக்கும் இடத்தில் விரல் நின்றுவிட்டது. "டில்லி, இது உன்னுதுடா" என்றேன். "என்னுதுதான். நான் சொல்றேன்ல, அழி நைனா" என்றான். அன்றைக்கு நான் போட்ட கத்தல் ஞாபகம் வந்தது. அழித்தேன், டேட்டாபேஸ் எழுந்தது. பாஸ் அச்சானது. காசி அண்ணன் அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். "பக்கத்துப் பக்கத்துல குந்திகினு கீறீங்க, நடுவுல எதுக்கு சார் காம்பவுண்டு?"

பர்மிஷன்

காம்பவுண்டு வேண்டும்தான் அண்ணே, நாங்கள் அதில் கேட் வைக்க மறந்துவிட்டோம். இப்போது அவசரத்துக்கு என்று மேனேஜரிடமும் ஒரு சாவி இருக்கிறது. இறாலும் கப்பலேறியது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெண் குழந்தை. டில்லியிடம் நான் பேசிய முதல் பேச்சே "வந்தவுடனே பாஸ்வேர்டை மாத்திடு" என்பதுதான். சிரித்தான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டிலை விட்டு எட்டியே நின்றேன். மேரி பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னாண்ணா அங்கியே நின்னுகினு? புள்ளய தூக்கவும் இவுரு பர்மிஷன் குடுக்கணுமா?"

வேலைக்குத் திரும்பிய அன்றே டில்லி பாஸ்வேர்டை மாற்றிவிட்டான். அவன் பெண்ணை மட்டும் நான் இன்றுவரை யாரையும் கேட்காமல்தான் தூக்குகிறேன்.