காலி செய்ய அவகாசம்

கோகிலாவிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் கம்பைநல்லூர்ப் பக்கம் குறைவு. நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர் அவள். காலையில் கயிறு பிடித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, "இதுவரைக்கும் வெட்டுங்க" என்றால் அறுபது பேரும் அங்கேதான் நிற்பார்கள். எட்டு வருஷமாக எந்த வேலையையும் பாதியில் விட்டதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அப்பேர்ப்பட்டவள் இந்த ஜூனில் ஏரியில் மண்டிய சம்பங்கோரையை வெட்டும் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டாள்.

காரணம் ஒரு குருவி. பறவைக் கணக்கெடுக்கத் தர்மபுரியிலிருந்து வந்த கல்லூரிப் பெண் ஆஷிகா, மிச்சமிருந்த ஒரே கோரைத் திட்டுக்குள் கூட்டைக் காட்டினாள். நாலு தண்டுகளைச் சேர்த்துப் பின்னிய கூடு. உள்ளே கண் திறக்காத மூன்று குஞ்சுகள்.

"நாணல் கதிர்க்குருவி, அக்கா. இதோட ஸ்டேட்டஸ்..." என்று அவள் ஆரம்பிக்க, "அதெல்லாம் நானே போட்டுக்கிறேன்" என்று கோகிலா போனை எடுத்தாள்.

ஆஷிகா சிரித்துவிட்டாள். வாட்ஸப் ஸ்டேட்டஸ் இல்லையாம். எந்த இனம் பிழைக்கும், எது பிழைக்காது என்று உலக அளவில் போட்டுவைத்திருக்கும் பட்டியலாம். எங்கோ தீவுகளில் இருக்கும் இதன் சொந்தங்களில் சில, அழியும் அபாயத்தில் உள்ளவை என்று அதில் ஏறிவிட்டனவாம். இது மட்டும் இன்னும் 'கவலையில்லை' என்ற வரிசையில்தான் இருக்கிறதாம்.

வேலையைப் பார்வையிட வந்த இன்ஜினியர் சத்யராஜுக்கு அந்தக் கடைசி வரியே போதுமாக இருந்தது. "இதுக்குக் கவலையில்லைன்னு உலகமே சொல்லுது, உனக்கு என்னம்மா வந்துச்சு? நாளைக்கு முடிக்கலைன்னா வேற ஆளைப் போட்டுருவேன்."

வேலை போனால் அடுப்பெரியாது. ஆனாலும் கோகிலாவின் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"அந்தத் தீவுக் குருவிக்கும் ஒரு காலத்துல கவலையில்லைன்னுதானுங்க சார் சொல்லியிருப்பாங்க."

"இந்தப் பேச்செல்லாம் வேணாம். ஏன் முடிக்கலைன்னு எழுதிக் கொடு."

மூன்று வருஷத்துக்கு முன் இதே ஏரிப் புறம்போக்கில்தான் அவள் வீடும் இருந்தது. இடிப்பதற்கு முன் நோட்டீஸ் கொடுத்து, இருபத்தோரு நாள் விட்டார்கள். சட்டிபானையை எடுக்க, மகள் பரீட்சை முடிக்க அந்த நாட்கள் உதவின. அந்த நோட்டீஸை வாசல் கதவில் ஒட்டியவர் சத்யராஜ்தான்.

வேலை அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தில் கோகிலா நிறுத்தி நிதானமாக எழுதினாள்: 'குடியிருப்போர் உள்ளனர். காலி செய்ய இருபத்தோரு நாள் அவகாசம் தேவை.'

சத்யராஜ் இரண்டு தரம் படித்தார். அவளை நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

இருபத்திரண்டாம் நாள் கூடு காலியாகக் கிடந்தது. குஞ்சுகள் பறந்துவிட்டன. கோகிலா கயிறு பிடித்தாள். கோடு திட்டைச் சுற்றிக்கொண்டு போனது.

"அதான் காலி பண்ணிட்டுதே, இன்னும் என்ன?" என்றார் சத்யராஜ்.

"வர்ற வருஷமும் வருமுங்க சார். திரும்பி வந்து பார்த்தா வூடு இருந்த இடமே தெரியாம போறது எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியுமுங்க."