ஒட்டிக்கொண்ட பொத்தான்

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடத்து நாற்காலிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். இன்று மலேசியாவில், ஈப்போ நகரத்தில் எனக்கு இரண்டு பட்டறை. பட்டம் வாங்கியவர்கள் வந்து, மோட்டார் ஏன் ஓடவில்லை என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போகிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இஞ்சின்காரனாக இருந்தேன். மின்சார இஞ்சின், தண்ணீர்ப் பம்பு, ரப்பர்ப் பால் ஏற்றும் லாரி எல்லாம் என் கைக்குள். அந்தச் சமயம், மூடிப்போன ஈயச் சுரங்கம் ஒன்றிலிருந்து நாலு பழைய வாக்கி டாக்கிகள் தோட்டத்துக்கு வந்தன. தோட்ட மேனேஜர் துரையின் ஜீப்புக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று, ரப்பர் ஸ்டோருக்கு ஒன்று, பால் லாரிக்கு ஒன்று. பார்த்து வாங்கி வந்தவர் பெரிய கிராணி, ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா. சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா வைத்திருப்பார். அதில் எது எழுதும் என்று அவருக்கே தெரியாது. அவர் வாங்கிய சாமான் எப்படி இருக்கும்?

ஒவ்வொன்றும் செங்கல் கனம். உள்ளே ஒரு குறையும் இல்லை. வெளி உறுப்புகள்தான் தேய்ந்து கிடந்தன. இடுப்பில் மாட்டும் கொக்கியின் திருகாணி சும்மா சுற்றியது. சத்தம் கூட்டும் குமிழ் இரண்டில் காணோம். பேட்டரி தொடும் பித்தளைத் தகட்டில் பச்சையாகக் களிம்பு. பேசுவதற்கு அழுத்தும் பொத்தானின் மேல் ரப்பர் வெடித்துப் பொடியாக உதிர்ந்தது. கிராணி ஈப்போவுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். கடைக்காரச் சீனர் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "சூடா மாத்தி லா, அண்ணே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். செத்துப்போய்விட்டது என்று அர்த்தம்.

துரை என்னைக் கூப்பிட்டார்.

"இந்த மாசத்துக்குள்ள நாலையும் பேச வச்சிடு. பட்டறை மண்டோர் வேல ஒனக்குத்தான். ஸ்டாப் வீடு ஒன்னும் காலியா இருக்கு."

மேஸ்திரி வேலையைவிட வீடு என்றதுதான் என் காதில் விழுந்தது. லயத்தில், கூலி வீட்டு வரிசையில், ஒரே அறையில் ஆறு பேர் இருந்தோம். மழை வந்தால் யார் எங்கே படுப்பது என்பதைக் கூரைதான் முடிவு செய்யும். ஆனால் அதே வேலையைக் கிராணி தன் மச்சினனுக்கு வைத்திருந்தார். மச்சினனிடம் சர்ட்டிபிகேட் இருந்தது. அதற்குக் கண்ணாடிச் சட்டமும் போட்டிருந்தார்கள்.

பித்தளைத் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன். வீட்டில் செம்பு விளக்குகிற பெண்பிள்ளைகளுக்குத் தெரிந்த வேலை, ஈப்போக் கடைக்குத் தெரியவில்லை. திருகாணி ஓட்டையில் மெல்லிய செம்புக் கம்பியைச் சுருட்டி வைத்து முறுக்கினேன், கடித்துக்கொண்டது. குமிழுக்குப் பல்பசை மூடி. பொத்தானுக்குச் சைக்கிள் டியூப்பை வெட்டி மூன்று செட்டுக்குப் போட்டேன். நாலாவதுக்கு டியூப் பத்தவில்லை.

இங்கேதான் என் புத்தி தோட்டத்துப் புத்தியாகிவிட்டது. வாளி ஒழுகினாலும், சப்பாத்து கிழிந்தாலும், எங்கள் ஆட்கள் ரப்பர்ப் பாலைத்தான் தேடுவார்கள். நானும் சோடா மூடியில் பாலை ஊற்றி, ஒரு சொட்டு ஆசிட் விட்டு உறைய வைத்து, புகையில் காயவைத்து எடுத்தேன். தேன் நிறத்தில் நாலு பொத்தானிலும் அதுதான் அழகு. ஆபீசுக்கு அதைக் கொடுத்தேன். அழகு பார்க்கிறவர் அங்கேதானே உட்கார்ந்திருந்தார். பச்சை ரப்பர் வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும் என்று பால் வெட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மதியம் ஸ்டோரில் பம்பு பார்த்துக்கொண்டிருந்தேன். ஆணியில் தொங்கிய செட்டில் கிராணியின் குரல் கேட்டது. துரையைக் கூப்பிட்டார், பேசினார், முடித்தார். ஆனால் குரல் நிற்கவில்லை. ஆபீஸ் ஜன்னலோர மேசையில், வெயிலில் கிடந்த செட்டின் பொத்தான் உள்ளே போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. பேசும்போது எரிகிற சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். அது எரிந்தால் பேட்டரி நல்லாயிருக்கிறது என்று அவர் தானாகவே முடிவு செய்து வைத்திருந்தார்.

"அந்த இஞ்சின்காரனுக்கு மண்டோர் வேலையாம். கையெழுத்துப் போடச் சொன்னா கைநாட்டு வைக்கிற ஆளு."

சின்னக் கிராணியின் குரல்: "தொரை வாக்குக் குடுத்துட்டாராமே, அண்ணே."

"தொரை என்னாத்த குடுக்கிறது? நான் வெரல் வைக்கிற எடத்துல கையெழுத்துப் போடுறவருலா அவரு. அவர வேலைய விட்டுத் தூக்குற காயிதத்த நீட்டுனாலும் படிக்காம போட்டுருவாரு. நாலுல ஒன்னு கெட்டாப் போதும், மச்சினன உள்ள கொண்டாந்துருவேன்."

ஸ்டோர்ப் பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் செட்டைச் சுற்றி நின்றார்கள். ரப்பர் ஷீட் அடிக்கும் அக்கா ஒருத்தி என்னைப் பார்த்து, "தம்பி, ஒம் பொத்தான் நல்லாத்தான் வேல செய்யுது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலில் ஒன்று கெட்டுவிட்டது, வீடு போய்விட்டது. சைக்கிளை எடுத்து ஆபீசுக்கு மிதித்தேன்.

எனக்கு முன்னால் ஜீப் வந்து நின்றிருந்தது. துரை தோட்டத்து ஆஸ்பத்திரிக்காரர் மகன், தமிழில் வளர்ந்தவர். அவர் படியேறியதும் கிராணி எழுந்து, "வாங்க தொரை" என்றார். அதே "வாங்க தொரை" துரையின் இடுப்பிலிருந்தும் வந்தது. பிறகு இரண்டு செட்டும் சேர்ந்து ஊளையிட்டன. கிராணியின் முகம் புளித்த பால் மாதிரி ஆனது.

துரை தன் செட்டை அணைத்தார். மேசையில் கிடந்ததை எடுத்து நகத்தால் பொத்தானைக் கிளப்பினார். நூல் நூலாக வந்தது.

"இவன் வேணும்னே செஞ்சிருக்கான், தொரை" என்றார் கிராணி.

வேண்டுமென்றே என்றால் நான் குழப்பக்காரன். தெரியாமல் என்றால் மண்டோர் வேலைக்கு லாயக்கில்லாதவன். இரண்டிலும் வீடு இல்லை.

"எந் தப்புதான், தொரை. மத்த மூனும் சைக்கிள் டியூப்பு. இது நம்ம தோட்டத்து பாலு. கிராணி ஐயாதான் அதுக்கு மொத தரம்னு சாப்பு முத்திர குத்துறாரு. நம்பிட்டேன்."

துரை மீசையைத் தடவிக்கொண்டார். "இப்ப சரி பண்ணுவியா?"

"அஞ்சு நிமிசம். கெட்டி ரப்பரு ஒரு துண்டு வேணும்."

ஆபீஸ் வாசலில் ஒரு ஜோடி சிலிப்பர் கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதைத் துரை பார்த்தார்.

"அது புதுசு, தொரை" என்றார் கிராணி.

"குடுங்க, கிராணி. இல்ல, இதுக்கும் நான் கையெழுத்துப் போடணுமா? எங்கன்னு வெரல் வைங்க."

சின்னக் கிராணி பைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் வலது சிலிப்பரின் குதிகாலில் விரல் நகம் அளவுக்கு வெட்டி, செதுக்கி, செட்டில் பொருத்தினேன். அழுத்தினால் விளக்கு எரிந்தது, விட்டால் அணைந்தது. பத்துத் தடவை அழுத்திக் காட்டினேன். இரண்டு தடவை போதும். மீதி எட்டும் கிராணிக்காக.

"மண்டோர் வேலைக்குக் காயிதம் அடிங்க, வீட்டோட சேத்து" என்று துரை உட்கார்ந்துவிட்டார். "இந்தத் தடவ நான் படிச்சிட்டுப் போடுறேன்."

கிராணி தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகினார். பிறகு எழுந்து, செட்டின் பேட்டரியைக் கழற்றி எதிர் மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, அடிக்கத் தொடங்கினார்.