தலைதீபாவளிக்குச் சொன்ன பொய்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் நானும் பலமுறை கெட்டிருக்கிறேன். ஒரே ஒருமுறை அதே வாயால் பிழைத்தேன். அதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைக்கத் தொடங்கியதற்கு முந்தைய காலம் அது. மலாயாவில் லாபிஸ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். புரட்டாசி பிறந்தால் போதும், ரயில் பாதை நெடுகிலும் இருந்த தோட்டங்களுக்கெல்லாம் ஒரு களை வந்துவிடும். ஒரு தோட்டத்தில் நவராத்திரி பூசை என்றால் அடுத்ததில் கூத்து, அதற்கு அடுத்ததில் பந்தாட்டம். அத்தனை தோட்டத்துக்கும் மேளக்காரர்கள் ஒரே கூட்டம்தான். அவர்களுக்கு ஒழிந்த நாள் எது என்று கேட்டுக்கொண்டுதான் சாமிக்கே நாள் குறிப்பார்கள். ஐப்பசி அடைமழை இங்கேயும் தப்பாமல் வந்தது. மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, வெட்டாத நாளுக்குச் சம்பளமும் கிடையாது. ஆனாலும் அந்த இரண்டு மாதம் யாரும் மழையைத் திட்டி நான் கேட்டதில்லை.

அந்த வருடம் ஆனியில் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அம்மா ஊரிலேயே போய்விட்டாள். என்னைக் கப்பலில் கூட்டிவந்த அப்பாவும் காய்ச்சலில் போனார். கூலி ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களில், பக்கத்து லயத்தில் இருந்த பால்வெட்டுக்காரருக்கு என்னைக் கட்டிவைத்தார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அவருடைய அம்மா பேசுவார். மாமியார் கெட்டவர் இல்லை, நாக்குதான் கொஞ்சம் நீளம். என் நாக்கும் குட்டை இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆயுதபூசை அன்று பால் வெட்டும் கத்திகளை எல்லாம் கழுவி, தீட்டி, கோயிலில் வரிசையாக வைத்துச் சந்தனம் பூசுவது பெண்கள் வேலை. பூசையில் வைத்த கத்தியை மறுநாள் வரை யாரும் தொடமாட்டார்கள். அந்தக் கத்திகளுக்கு முன்னால் பொய் சொன்னால், அந்தக் கத்தியே சொன்னவர் கையைப் பதம் பார்க்கும் என்று எங்கள் தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. அன்று பத்துப் பெண்கள் உட்கார்ந்து சந்தனம் பூசிக்கொண்டிருந்தோம். யாரோ ஒருத்தி என்னைப் பார்த்து, தலைதீபாவளிக்கு எங்கே போகிறாய் என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "எங்க போறது? அம்மா வீடு இருந்தாதானே போறதுக்கு. என் மகனுக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான்."

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல்தான். "ஏன் இல்ல? லாயாங் லாயாங்ல எங்க சித்தி இருக்காங்க. தீபாவளிக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றேன்.

சித்தியும் இல்லை, சின்னம்மாவும் இல்லை. நாங்கள் வந்த கப்பலில் ஓர் அக்கா இருந்தாள். புருஷனோடும் ஐந்து வயது மகளோடும் வந்தவள். கப்பலை விட்டு இறங்கியவர்களை நோய் பார்ப்பதற்காக அடைத்து வைத்த முகாமில் நானும் அவளும் ஒரே பாயில் படுத்தோம். அவள் மகள் என் இடுப்பை விட்டு இறங்கமாட்டாள். முகாமை விட்டுப் பிரியும்போது, லாயாங் லாயாங் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிறோம், எப்போதாவது வா என்று அக்கா சொன்னாள். அவ்வளவுதான் உறவு. அதற்குப் பிறகு மூன்று வருடமாக நான் அவளைப் பார்க்கவில்லை. போதாததற்கு அவள் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். தீபாவளிக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்?

மறுநாள் முதல் மரத்திலேயே கத்தி வழுக்கி என் இடதுகை விரலைக் கிழித்தது.

நான் பொய் என்று ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனால் அன்று மாலையே மாமியார் முறுக்கு மாவு இடிக்க உட்கார்ந்துவிட்டார். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதாம். "உனக்கும் ஆளுங்க இருக்காங்கன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏன் அப்படிப் பேசப் போறேன்" என்று வேறு சொன்னார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். மகனுக்கும் ஒரு மாமியார் வீடு வாய்த்துவிட்டது என்ற சந்தோஷம். அதைப் பார்த்தபிறகு எனக்கு வாய் வரவில்லை. லாயாங் லாயாங் பக்கம் போகும் மேளக்காரர் ஒருவரிடம் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். பதில் இல்லை. என் புருஷன் தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் கெஞ்சி மூன்று நாள் லீவு வாங்கிக்கொண்டு வந்தார். பொய் என்று தெரிந்தால் இந்த மனிதர் லயத்தில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தீபாவளிக்கு முதல்நாள் காலையில் ரயில் ஏறினோம். பெட்டி முழுக்க எங்கள் ஆட்கள். கோழி, பலகாரக் கூடை, புதுத்துணி வாசம். கூட்டாளிகளைப் பார்க்கப் போகிறவர்கள், பந்தாட்டத்துக்குப் போகிறவர்கள், என்னைப் போலத் தலைதீபாவளிக்குப் போகிற ஒருத்தி. அவள் தன் அம்மாவைப் பற்றிப் பாலோவிலிருந்து குளுவாங் வரை பேசிக்கொண்டே வந்தாள். எதிரே ஒரு மலாய்க்கார அம்மா உட்கார்ந்திருந்தார். "தீபாவளிக்கா? அம்மா வீட்டுக்கா?" என்று மலாயில் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் தன் கூடையிலிருந்து இரண்டு ரம்புத்தான் பழம் எடுத்து என் மடியில் போட்டார். அவரிடமும் பொய் சொல்லிவிட்டேன். அக்காவின் மகளுக்கென்று நான் வாங்கிய சிவப்பு ரிப்பனை முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஸ்டேஷனில் இறங்கி விசாரித்துத் தோட்டத்துக்கு நடந்தோம். தூறிக்கொண்டிருந்தது. லயத்தின் கடைசி வீட்டு வாசலில் அக்கா குனிந்து உட்கார்ந்து, ஒரு சின்ன மரச் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். அவள் ஏதாவது சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்று தூரத்திலிருந்தே கத்தினேன்.

"சித்தி, நான்தான். தீபாவளிக்கு வந்துட்டோம்."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். புது வேட்டியில் பலகாரக் கூடையோடு நிற்கும் என் புருஷனைப் பார்த்தாள். என் கழுத்துத் தாலியைப் பார்த்தாள். மூன்றே பார்வைதான். சுண்ணாம்புக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க மாப்பிள்ளை. மழையில நனைஞ்சிட்டு நிக்கிறீங்களே, உள்ள வாங்க. ஏங்க, யாரு வந்திருக்காங்க பாருங்க."

அவள் புருஷன் வெளியே வந்தார். கூடையை வாங்கிக்கொண்டார், கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. சுவரில் மாதா படத்தைப் பார்த்த என் புருஷன், "சித்தி வேதக்காரங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எங்க குடும்பத்துல நான் ஒருத்திதான் மாப்பிள்ளை, வேதத்துல சேர்ந்தது. இவரைக் கட்டிக்கிட்டேன்ல" என்றாள் அக்கா, கண்ணைச் சிமிட்டாமல்.

அடுப்படிக்குப் போனதும் அவள் காலைப் பிடிக்காத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். மேளக்காரர் ஒன்றும் சொல்லவில்லையாம். அதைச் சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். "பாப்பா எங்கக்கா?" என்று கேட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தேன்.

"ரெண்டு வருஷமாச்சு. காய்ச்சல்" என்றாள். "நாளை மறுநாள் கல்லறைத் திருநாள். அதுக்குத்தான் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடிச்சிட்டு இருந்தேன்."

ரிப்பன் என் கையிலேயே இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் வீட்டுக்கு, எனக்கு அம்மாவாக நடி என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேனே என்று என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "நாங்க திரும்பிப் போயிடறோம்க்கா" என்று அழுதேன்.

"சத்தம் போடாத. வெளிய மாப்பிள்ளை உக்காந்திருக்காரு. அடுப்ப மூட்டு" என்றாள். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். மாதா கோயில் சாமியார் வரும்போது, பாவத்தையெல்லாம் அவர்கிட்ட ஒப்புக்கிற பாவசங்கீர்த்தனத்துல உன் பொய்ய நான்தான் சொல்லணும். அதனால இனிமே பெரிய பொய்யா சொல்லாத, எனக்கு ஞாபகம் இருக்காது."

சாயங்காலம் அவள் லயம் முழுக்க நடந்தாள். நல்லெண்ணெய் ஒரு வீட்டில், சீயக்காய் ஒரு வீட்டில், மஞ்சள் ஒரு வீட்டில் என்று வாங்கி வந்தாள். "எங்க அக்கா மகளுக்குத் தலைதீபாவளி" என்று எல்லா வீட்டிலும் அவள் சொல்வது எனக்கே கேட்டது. மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டு வேட்டி வேண்டுமே. அவள் புருஷன் கிறிஸ்மஸுக்கு என்று பெட்டியில் மடிப்புக் கலையாமல் வைத்திருந்த வேட்டியை எடுத்து வைத்தார். அதன் மூலையில் மஞ்சள் தடவ வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். வெள்ளை வேட்டியில் மஞ்சள் படுவதைப் பார்த்து அந்த மனிதர் ஒரு சின்னப் பெருமூச்சு விட்டார்.

விடியுமுன் என்னைப் பலகையில் உட்காரவைத்தாள் அக்கா. எண்ணெய் வைக்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த செபத்தை முணுமுணுத்தபடி உச்சியில் எண்ணெய் வைத்து அழுத்தித் தேய்த்தாள். கடைசியில் எண்ணெய்க் கையாலேயே என் நெற்றியில் சிலுவை போட்டாள். அம்மா போனபிறகு என் தலையில் இன்னொருவர் கை வைத்து எண்ணெய் தேய்த்தது அன்றுதான். அழுதேன். கண்ணில் எண்ணெய் விட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு அக்கா முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

குளித்துத் தலை காய்ந்ததும் பின்னிவிட்டாள். பின்னலின் நுனியில் ஏதோ கட்டுவது தெரிந்து தொட்டுப் பார்த்தேன். அந்தச் சிவப்பு ரிப்பன்.

"பாப்பாவுக்கு வாங்கினது, அக்கா."

"தெரியும். பெட்டியில வச்சு என்ன பண்றது? நீ கட்டிக்க."

அன்று அந்த வீட்டில் பட்ட சந்தோஷத்துக்குக் குறைவே இல்லை. லயத்துப் பெண்கள் மாப்பிள்ளையைப் பார்க்க வந்து கேலி செய்தார்கள். பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது அவர்கள் கிராமத்திலிருந்து, வந்த மலாய்க்காரர்கள் முறுக்குத் தின்றுவிட்டுப் பந்தாட்டம் பார்த்தார்கள். என் புருஷன் செம்மண் சேற்றில் இறங்கி ஆடி, மஞ்சள் தடவிய வேட்டியைச் சிவப்பாக்கிக்கொண்டு வந்தார். அக்கா புருஷன் அதைப் பார்த்து இரண்டாவது பெருமூச்சு விட்டார்.

மறுநாள் சாயங்காலம் தீபாவளிக்கு ஏற்றிய அகல்களைக் கழுவி எடுத்துக்கொண்டு நானும் அவர்களோடு கல்லறைக்குப் போனேன். மெழுகுவர்த்திகள் காற்றில் நிற்கவில்லை. அகல்கள் நின்றன. அன்று முகாமில் என் இடுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

திரும்பும் ரயிலில் என் புருஷன், "சித்தி ரொம்ப நல்லவங்க" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்ததா, சாகும் வரை தெரியாதா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்காமல் இருந்ததற்கு அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். வீட்டு வாசலிலேயே மாமியார் என் தலையை முகர்ந்து பார்த்தார். "நல்லாத்தான் தேச்சிருக்காங்க" என்று சொல்லி, அடுத்த வருடத்துக்கு என்ன பலகாரம் கொடுத்தனுப்பலாம் என்று அப்போதே யோசிக்கத் தொடங்கினார்.

அடுத்த ஐப்பசியில் நான் ஆறுமாதக் கர்ப்பிணியாக லாயாங் லாயாங் ஸ்டேஷனில் இறங்கினேன். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று மாமியாரே முடிவு செய்திருந்தார். அக்கா வந்து காத்திருந்தாள். என் மூட்டையை வாங்கிக்கொண்டு, நடக்கும்போது, சாமியார் வந்து போனதைச் சொன்னாள்.

"நம்ம பொய்ய மறக்காம சொல்லிட்டேன். சொந்தம் இல்லாத பொண்ண என் அக்கா மகள்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன் சாமின்னேன். அந்தப் பொண்ணு இப்ப எங்கன்னு கேட்டாரு. பிரசவத்துக்கு எங்க வீட்டுக்கு வர்றாள்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"நீ சொல்ல வந்த பாவம் எதுன்னு கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியல. எழுந்து வந்துட்டேன்."