குறுக்குத் தையலில் ஒரு புகைக்கூடம்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகள் ஒரு சனிக்கிழமை காலையில் கைப்பேசிக்குப் படங்கள் அனுப்பினாள். ஏதோ அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தாளாம். கண்ணாடிக்குப் பின்னால் பழுப்பேறிய துணிகள். அந்த நாட்டுப் பள்ளிக்கூடச் சிறுமிகள் தையல் பழகுவதற்காக ஒரு காலத்தில் தைத்தவை. மேலே ஏபிசி, அதன் கீழே எண்கள், ஒரு பிரார்த்தனை வரி, ஒரு வீடு, இரண்டு மரம், கடைசியில் தைத்தவளின் பெயரும் வயதும். "அம்மா, நீங்க எஸ்டேட் ஸ்கூல்ல தச்ச துணி மாதிரியே இருக்குலா?" என்று எழுதியிருந்தாள்.

அவ்வளவுதான், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேநீரை ஆறவிட்டேன். துவைத்த துணியைக் காயப்போட்டுவிட்டு, காயுமுன்பே எடுத்தேன். சும்மா இருக்கிற பிறவி இல்லை நான். அன்றைக்கு இன்னும் மோசம். அந்தத் துணி எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பத்து காஜா என்கிற ஊரில், என் தங்கை வீட்டு ஹாலில், சட்டம் போட்டுத் தொங்குகிறது. அடியில் அவள் பெயர் இருக்கிறது.

ஆனால் தைத்தவள் நான். கடைசி வரிசையைத் தவிர மற்ற எல்லாம் நான். ஆறாம் வகுப்பு முடித்ததும் மேலே படிக்க என்னை ஈப்போவில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெயர் போடும் வரிசை மட்டும் மிச்சம். துணி தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டிலேயே கிடந்தது. இரண்டு வருஷம் கழித்துத் தங்கைக்குத் தையல் பாடம் வந்தபோது, அம்மா புதுத்துணி எதற்கு என்று அதையே எடுத்துக் கொடுத்துவிட்டார். அவள் தன் பெயரைப் போட்டு ஆசிரியையிடம் நீட்டி, சபாஷ் வாங்கிக்கொண்டாள். கல்யாணமாகி அதைத் தன் வீட்டில் மாட்டிய நாளிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் அவள் வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தச் சட்டத்தைப் பார்த்து, "அட, நீங்க தச்சதா!" என்று வாயைப் பிளப்பார்கள். அவள் சிரிப்பாள். நான் முறுக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பொறாமைதான், வேறென்ன.

அன்றைக்கு முடிவு செய்துவிட்டேன். கேட்டு வாங்கிவந்து என் வீட்டில் மாட்டவேண்டும். படம் பிடித்து, இதுதான் உன் அம்மா தைத்தது என்று மகளுக்கு அனுப்பவேண்டும்.

கார் சாவியை எடுத்தபோது கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "எங்க கிளம்பிட்டே? மழ வார மாதிரி இருக்கு. நாளைக்குப் போலாம்லா."

"நாளைக்கு நீங்க போங்க," என்றேன்.

வீடு இருக்கும் குனோங் ராபாட்டிலிருந்து கிளம்பி, வழியில் சிம்பாங் பூலாய் போய்ச் சேரும்வரை கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தேன். தங்கையிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வாய்விட்டே ஒத்திகை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அது சண்டையில்தான் போய் முடிந்தது.

அந்தத் துணியில் ஒரு கூத்து உண்டு. ஈப்போவிலிருந்து வந்த தையல் ஆசிரியை மாதிரிக்கு ஓர் அட்டை கொண்டுவந்தார். அதில் ஒரு வீடு, கூரைமேல் புகைபோக்கி, அதிலிருந்து புகை. எங்கள் தோட்டத்தில் கூரையில் புகை வருகிற கட்டடம் ஒன்றே ஒன்றுதான், ரப்பர் ஷீட்டுகளை வாட்டும் புகைக்கூடம். வகுப்பில் அத்தனை பேரும் அதுதான் என்று நினைத்துக்கொண்டோம். ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை. பக்கத்தில் ஒரு கழியும், அதில் நீர் வடியத் தொங்கும் ஷீட்டுகளும் சேர்த்துத் தைத்துவிட்டோம். ஆசிரியை தலையில் அடித்துக்கொண்டார். "அது வெள்ளைக்காரன் வீடும்மா!" பிறகு அவரே சிரித்து, பிரிக்கவேண்டாம் என்று விட்டுவிட்டார். எங்கள் அப்பா வேலை செய்தது அந்தப் புகைக்கூடத்தில்தான். அதனால் நான் மற்றவர்களைவிட நுணுக்கமாகத் தைத்தேன். ஷீட்டுக்குச் சரியான நிறம் வர மஞ்சள் நூலையும் காப்பி நிற நூலையும் சேர்த்துக் கோத்தேன்.

தங்கை வாசலுக்கு வந்தாள். "என்னக்கா, போன் கூடப் பண்ணாம?"

ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துபோயிற்று. "அந்தத் துணி எனக்கு வேணும்," என்றேன். நின்றபடியே மகள் அனுப்பிய படத்தைக் காட்டினேன். அது நான் தைத்தது என்றேன். குரல் ஏறிவிட்டது.

அவள் நாற்காலியைப் போட்டு ஏறிச் சட்டத்தை இறக்கினாள். "எடுத்துக்கோக்கா. உன்னோடதுதான். நீ கேப்பேன்னு எத்தனையோ வருஷமா நெனச்சுக்கிட்டு இருக்கேன்." எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சண்டைக்குத் தயாராக வந்தவளுக்கு இப்படிக் கையில் கொடுத்தால் என்ன செய்வது?

கண்ணாடி ஓரத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. துடைத்துத் தருகிறேன் என்று அவள் பின்பலகையைக் கழற்றி, என்னை உட்காரவைத்துத் துணியை என் மடியில் போட்டாள். ஆண்டுக்கணக்கில் சுவரில் பார்த்ததை இப்போதுதான் மறுபடி கையில் தொடுகிறேன். மஞ்சளும் காப்பியும் சேர்ந்த ஷீட்டுகள் அப்படியே இருந்தன. புகைக்கூடத்து வாசலில் மட்டும் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. மிளகு அளவுதான் இருக்கும். நான் வைத்ததில்லை. பூஞ்சை அங்கேயும் ஏறிவிட்டது என்று நகத்தால் சுரண்டினேன்.

அவள் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தாள். "ஐயோ அக்கா, சொரண்டாதே! அது அப்பா."

எனக்கு விளங்கவில்லை. குனிந்து பார்த்தேன். கறுப்பு நூலில் போட்ட ஒரு முடிச்சு.

"அப்பா செத்த வருஷந்தானே எனக்குத் தையல் பாடம் வந்துச்சு," என்றாள். "நீ எல்லாம் தச்சிருந்தே. வாசல்ல அவரப் போட மறந்துட்டே. அதான் நான் போட்டேன்."

நான் அழுதேன். அவள் துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மறந்துவிடவில்லை என்று அவளிடம் சொல்லவேண்டும் போலிருந்தது. நான் தைத்துக்கொண்டிருந்தபோது அவர் தினமும் புகை வாசத்தோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். அவரைத் துணியில் நிறுத்திவைக்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றப்போகிறது? தோன்றுகிற காலம் வந்தபோது ஊசி அவள் கையில் இருந்தது.